விபத்துக்குப் பின்னர் மட்டும் சோதிக்கப்படும் பிரேக்குகள்

'வேகக்கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் பாய்ந்ததில்...' என்று தொடங்கும் செய்திகளை வாசிக்காத வாரமொன்று இந்நாட்டில் இல்லையென்றே கூறலாம். ஆண்டுதோறும் 2000 க்கும் அதிகமானோர் வீதிகளில் உயிரிழக்கும் நாடொன்றில் அச்சொற்றொடர் வாசகர்களுக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால், அதற்குள் இரண்டு வெவ்வேறு விடயங்கள் மறைந்து கிடக்கின்றன. சாரதி வேகத்தைக் கட்டுப்படுத்த விரும்பாமல் இருந்தாரா அல்லது கட்டுப்படுத்த முயன்றும் அவரது காலடியில் இருந்த பிரேக் அதற்கு இடங்கொடுக்கவில்லையா என்ற கேள்விக்கு அச்சொற்றொடரில் விடையில்லை. முதலாவது மனிதத் தவறு. இரண்டாவது, அந்த வாகனத்தை வீதியில் ஓட அனுமதித்த முழு ஏற்பாட்டினதும் தவறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து, பழி முழுவதையும் சாரதியின் தலையில் சுமத்திவிட்டு அடுத்த விபத்து வரை காத்திருப்பதே எமது வழக்கமாக இருந்துவருகின்றது.

அண்மைய ஆண்டுகளில் நாட்டை உலுக்கிய மூன்று விபத்துகளை நினைவுபடுத்திக்கொள்வது பொருத்தமானதாகும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, ரதெல்ல குறுக்கு வீதியில் கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களைச் சுற்றுலா ஏற்றிச்சென்ற பஸ் எதிரே வந்த வேனொன்றுடனும் முச்சக்கர வண்டியொன்றுடனும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். வேனில் பயணித்த ஒரே குடும்பத்தின் பெற்றோரும் பிள்ளைகளும் அவர்களில் அடங்குவர். 2025 மே 11 ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலை, கெரண்டியெல்ல பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்ததில் 20 க்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதே ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் பயணித்த சுற்றுலா பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 உயிர்கள் பறிபோயின. மூன்றும் மலைநாட்டு வீதிகளில் நிகழ்ந்தவை. மூன்றிலும் கனரகப் பயணிகள் வாகனங்களே சம்பந்தப்பட்டிருந்தன.

இம்மூன்றுக்கும் பிரேக் கோளாறே காரணம் என்று கூறிவிட முடியாது. சாரதியின் களைப்பு, அளவுக்கதிகமான பயணிகள், பாதுகாப்பு வேலியற்ற வீதியோரம், பரிச்சயமில்லாத பாதை எனப் பல காரணிகள் ஒன்றுசேரும்போதே பேரழிவு நேர்கின்றது. ஆயினும், ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும் மக்கள் மனதில் முதலில் எழுந்த கேள்வி அந்த வாகனத்தின் நிலைமை பற்றியதாகவே இருந்தது. அக்கேள்விக்கு உடனடியாகப் பதிலளிக்கக்கூடிய ஆவணமொன்று, அதாவது அந்த வாகனத்தின் பிரேக் இறுதியாக எப்போது, எந்த இயந்திரத்தில், எத்தனை சதவீத வலுவுடன் இயங்கியது என்பதைக் காட்டும் பதிவொன்று எவரது கையிலும் இருக்கவில்லை என்பதே இங்கு கவனிக்கப்பட வேண்டியதாகும்.

விபத்து நிகழ்ந்ததும் என்ன நடைபெறுகின்றது என்பது அனைவரும் அறிந்ததே. அனுதாபச் செய்திகள் வெளியாகும், இழப்பீடு அறிவிக்கப்படும், சாரதி உயிர் தப்பியிருந்தால் கைதுசெய்யப்படுவார். அதன் பின்னர் மோட்டார் வாகனப் பரிசோதகர் வரவழைக்கப்பட்டு, உருக்குலைந்த வாகனத்தின் பிரேக், சுக்கான், ரயர் ஆகியன பரிசோதிக்கப்பட்டு நீதிமன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்கப்படும். அரசின் பயிற்றப்பட்ட தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் அந்த வாகனத்தின் அடியில் குனிந்து பார்ப்பது, பல வேளைகளில், அதில் பயணித்தவர்கள் பிரேத அறையைச் சென்றடைந்த பின்னராகவே இருக்கின்றது. மரண விசாரணைக்குப் பயன்படும் இந்தப் பரிசோதனை மரணத்தைத் தடுப்பதற்குப் பயன்பட்டிருக்கக் கூடாதா?

இந்நாட்டில் சாரதி அனுமதிப்பத்திரம் பெற விரும்பும் எவரும் தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழைப் பெற்றாக வேண்டும். கண் பார்வையும் செவிப்புலனும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. ஆனால், அதே சாரதி செலுத்தும் 25 வருடப் பழைமையான கார் அல்லது வேனுக்கு அத்தகைய மருத்துவச் சான்றிதழ் எதுவும் தேவைப்படுவதில்லை. மனிதனின் கண் பழுதடையும் என்பதை ஏற்றுக்கொண்ட சட்டம், இரும்பு துருப்பிடிக்கும் என்பதையும் இறப்பர் வெடிக்கும் என்பதையும் மறந்துவிட்டது போலும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இன்னொரு விடயமும் உண்டு. 2008 ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கையில் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் நடைமுறையிலுள்ளது. வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்குப் புகைச் சான்றிதழ் அவசியம் என்பதால் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் கூலித் தொழிலாளி முதல் சொகுசுக் கார் உரிமையாளர் வரை அனைவரும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை நிலையத்தின் வாசலில் வரிசையில் நிற்கின்றனர். வாகனம் உள்ளே செல்கின்றது. புகைபோக்கிக் குழாயில் கருவி செருகப்படுகின்றது. கணினி முடிவைத் தெரிவிக்கின்றது. சான்றிதழ் கிடைக்கின்றது. அந்த வாகனம் பிரேக் இன்றி உள்ளே வந்து, பிரேக் இன்றியே வெளியே போயிருந்தாலும் அது பற்றி அங்கு எவரும் கேட்கப்போவதில்லை. காற்று மாசடைவதைத் தடுப்பது அவசியமானது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால், புகையை அளப்பதற்கு நாடு தழுவிய கட்டமைப்பொன்றை உருவாக்க முடிந்த ஓர் அரசால், வாகனம் நிற்குமா என்பதை அளப்பதற்கு அவ்வாறானதொன்றை உருவாக்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி நியாயமானதாகும்.

சட்டம் இல்லாமலில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வீதிக்குத் தகுதியற்ற வாகனங்களைத் தடுப்பதற்கான அதிகாரங்களை வழங்கியுள்ளது. பஸ், லொறி போன்ற வர்த்தக வாகனங்கள் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குத் தகுதிச் சான்றிதழைச் சமர்ப்பிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இச்சான்றிதழை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற கராஜ்கள் வழங்குகின்றன. ஆனால், இந்த ஏற்பாடு நடைமுறையில் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய விரும்புவோர் பஸ் உரிமையாளர்களிடமோ லொறிச் சாரதிகளிடமோ கேட்டுப் பார்க்கலாம். கண்ணால் பார்த்து, வீதியில் சிறிது தூரம் செலுத்திப் பார்த்து, கையொப்பமிடுவதே பல இடங்களில் பரிசோதனையாகக் கருதப்படுகின்றது என்றும், வாகனத்தைக் காணாமலேயே சான்றிதழ் வழங்கப்படும் சந்தர்ப்பங்களும் உண்டு என்றும் நீண்டகாலமாகவே முறைப்பாடுகள் இருந்துவருகின்றன. பழுதுபார்ப்பவரே பரிசோதகராகவும் வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தை நம்பிப் பிழைப்பு நடத்துபவராகவும் இருக்கும்போது கண்டிப்பை எதிர்பார்ப்பது கடினமானதாகும்.

இப்பிரச்சினை இன்று முன்னரைவிடப் பாரதூரமானதாக மாறியிருப்பதற்குப் பொருளாதாரக் காரணமொன்றும் உள்ளது. அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருடங்கள் புதிய வாகனங்கள் வராதிருந்தமையால் ஏற்கனவே இருந்தவையே திரும்பத் திரும்பக் கைமாறின. தடை நீக்கப்பட்ட பின்னரும் வரிகள் காரணமாகப் புதிய வாகனமென்பது சாதாரண குடும்பங்களின் கனவுக்கும் எட்டாததாகவே உள்ளது. வேறு நாடுகளில் இரும்புக்கடைக்குச் சென்றிருக்க வேண்டிய டொல்பின் வேன்களும் 1990 களின் கார்களும் இங்கு இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியுடன் இன்றும் ஓடுகின்றன. நெருக்கடி உச்சத்திலிருந்த 2022 ஆம் ஆண்டில் உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, பிரேக் லைனரை மாற்றுவதைத் தள்ளிப்போட்டவர்களும் தரங்குறைந்த மாற்றுப் பாகங்களால் சமாளித்தவர்களும் ஏராளம். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. அரிசி வாங்குவதா லைனர் வாங்குவதா என்ற நிலையில் எவரும் அரிசியையே தெரிவுசெய்வர்.

இதற்கு மேலதிகமாக 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா சூறாவளியும் வெள்ளமும் பெருந்தொகையான வாகனங்களை நீரில் மூழ்கடித்தன. சேறு கலந்த நீரில் நாட்கணக்கில் கிடந்த வாகனமொன்றின் எஞ்சினைத் திருத்தி இயங்கச் செய்துவிடலாம். ஆனால், பிரேக் டிரம்மினுள் படிந்த சேறும் சிலிண்டர்களில் பிடித்த துருவும் உரிமையாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவ்வாறான வாகனங்கள் மீண்டும் வீதிக்கு வரும்போதும், அடுத்தவருக்கு விற்கப்படும்போதும் அவற்றின் பிரேக்கைப் பரிசோதிக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இங்கு ஜப்பானின் உதாரணத்தைக் குறிப்பிடுவது பொருத்தமானது. எமது வீதிகளில் ஓடும் கார்களிலும் வேன்களிலும் பெரும்பாலானவை அந்நாட்டில் பாவிக்கப்பட்டு இங்கு இறக்குமதியானவை. ஜப்பானில் 'ஷாகென்' எனப்படும் கட்டாயப் பரிசோதனை முறை நடைமுறையிலுள்ளது. புதிய கார் மூன்று வருடங்களின் பின்னரும், அதன் பின் ஒவ்வொரு இரண்டு வருடங்களுக்கு ஒருமுறையும் பிரேக், விளக்குகள், சக்கரங்களின் சீரமைப்பு, புகை என்பன இயந்திரங்களால் பரிசோதிக்கப்படுகின்றன. அதில் தேறாத வாகனம் வீதியில் ஓட முடியாது. அப்பரிசோதனைகளின் செலவும் ஜப்பானியர்கள் தமது கார்களை இளம் வயதிலேயே விற்றுவிடுவதற்குக் காரணங்களில் ஒன்றாகும். அதாவது, இளமையில் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கப்பட்ட அதே வாகனம், கொழும்புத் துறைமுகத்திலோ அம்பாந்தோட்டையிலோ இறங்கியதும் தனது முதுமைக்காலம் முழுவதும் பரிசோதனையின்றியே கழிக்கின்றது. பரிசோதனை அதிகம் தேவைப்படும் வயதிலேயே அது இல்லாமற் போகின்றது.

வயது பிரேக்குக்கு என்ன செய்கின்றது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். கார்களிலும் சிறிய வாகனங்களிலும் மிதிகட்டையின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது பிரேக் எண்ணெய் ஆகும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. சாதாரணமாகப் பாவனையிலுள்ள 'டொட் 3' வகை எண்ணெய் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பின்னரோ அந்த எல்லை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். அப்போது மிதிகட்டை பஞ்சு போல் உள்ளே இறங்கும், வாகனம் நிற்காது. பல வருடங்களாக எண்ணெய் மாற்றப்படாத வாகனமொன்று சமதரையில், நகரப் போக்குவரத்தில் எவ்விதக் குறையுமின்றி ஓடும். அதன் குறை வெளிப்படுவது முதன்முறையாக நீண்ட இறக்கமொன்றில் இறங்கும்போதுதான்.

பஸ், லொறிகளில் காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளிலும் இதற்கு ஒப்பான அபாயமுண்டு. எல்ல ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் உள்ளது. வெல்லவாய 200 மீற்றர் அளவிலான உயரத்தில் உள்ளது. 10 தொன் நிறையுடைய பஸ்ஸொன்று இந்த 800 மீற்றர் உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 250 லீற்றர் தண்ணீரைச் சாதாரண நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானதாகும். தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடியைப் பயன்படுத்தி இறங்கினால் இந்தச் சுமையில் பெரும்பங்கை எஞ்சின் ஏற்கும். உயர் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அத்தனை வெப்பமும் இரும்பு டிரம்களையும் லைனர்களையுமே சேரும். டிரம் வெப்பத்தால் விரியும். லைனரின் உராய்வு குறையும். சாரதி எவ்வளவு பலமாக மிதித்தாலும் பிடி கிடைக்காது. தேய்ந்த லைனரும் சரிசெய்யப்படாத பிரேக்கும் உள்ள பழைய வாகனம் இந்த எல்லையைப் புதிய வாகனத்தைவிட வெகு விரைவில் எட்டிவிடும். கடுகண்ணாவை, கினிகத்தேனை, றம்பொடை, பதுளை, பண்டாரவளை என மலைநாட்டுப் பாதைகளில் பயணிப்போரும், கண்டி - மஹியங்கனை வீதியில் 18 வளைவுகள் எனப் பெயர்பெற்ற இறக்கத்தைக் கடந்து கிழக்குக்குச் செல்வோரும் ஒவ்வொரு பயணத்திலும் தமது உயிரை ஒப்படைப்பது அந்த லைனரிடமே.

இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இயந்திரத்தால் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். உருளைப் பிரேக் பரிசோதனைக் கருவியில் வாகனத்தின் சக்கரங்கள் சுழலும் உருளைகளின் மீது நிறுத்தப்படும். பிரேக்கை மிதிக்கும்போது ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையுடன் உருளையைத் தடுக்கின்றது என்பது தனித்தனியே பதிவாகும். இந்த விசைகளின் கூட்டுத்தொகையை வாகனத்தின் நிறையால் வகுத்தால் பிரேக்கின் வினைத்திறன் சதவீதமாகக் கிடைக்கும். இடது, வலது சக்கரங்களுக்கிடையே வேறுபாடு அதிகமாயின் அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கமாக இழுத்துச்செல்லும் என்பதையும் அது காட்டிவிடும். இது ஒன்றும் விண்வெளித் தொழில்நுட்பமல்ல. பல நாடுகளில் பல தசாப்தங்களாகச் சாதாரணமாகப் பாவனையில் உள்ள கருவியாகும்.

சதவீதக் கணக்கு வெறும் எண்ணல்ல. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனமொன்றின் பிரேக் 50 சதவீத வினைத்திறனுடன் இயங்கினால், மிதித்த பின்னர் அது சுமார் 20 மீற்றர் தூரத்தில் நின்றுவிடும். வினைத்திறன் 25 சதவீதமாக இருந்தால் அதற்குச் சுமார் 40 மீற்றர் தேவைப்படும். பாடசாலைக்கு முன்பாகவுள்ள மஞ்சள் கடவையில் பிள்ளையொன்று வீதியைக் கடக்கும்போது அந்த மேலதிக 20 மீற்றருக்கு என்ன அர்த்தம் என்பதை விளக்க வேண்டியதில்லை. அவ்வாறான வாகனத்தின் சாரதி வேகக் கட்டுப்பாட்டை மீறவில்லை, மது அருந்தியிருக்கவில்லை, தொலைபேசியில் பேசவில்லை என்றாலும் விளைவு ஒன்றே.

வெளிநாட்டு அனுபவங்கள் எமக்குப் பாடமாக அமையலாம். பிரித்தானியாவில் கட்டாயப் பரிசோதனை 1960 இல் ஆரம்பிக்கப்பட்டபோது அது 10 வருடங்களுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பிரேக், விளக்கு, சுக்கான் ஆகிய மூன்றுமே அன்று பரிசோதிக்கப்பட்டன. தேறாத வாகனங்களின் தொகை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததால் அடுத்த வருடமே வயதெல்லை 7 ஆகக் குறைக்கப்பட்டது. 1967 இல் அது 3 வருடங்களாகியது. சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக விரிவுபடுத்தியமையே அத்திட்டம் மக்களால் ஏற்றுக்கொள்ளப்பட்டதற்குக் காரணமெனலாம். அயல்நாடான இந்தியாவில் தனியார் வாகனமொன்று 15 வருடங்களைக் கடந்ததும் தகுதிப் பரிசோதனையில் தேறினால் மட்டுமே அதன் பதிவைப் புதுப்பிக்க முடியும். அங்கு தானியங்கிப் பரிசோதனை நிலையங்களை அமைக்கும் பணியும் முன்னெடுக்கப்பட்டு வருகின்றது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கும் பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டு நிகழ்ந்த விபத்தொன்று விடையளிக்கின்றது. அவ்வாண்டு பெப்ரவரியில் பாத் நகரில் செங்குத்தான இறக்கமொன்றில் டிப்பர் லொறியொன்று பிரேக் செயலிழந்து ஓடியதில் 4 வயதுச் சிறுமி உட்பட நால்வர் பலியாகினர். வழக்கு விசாரணையின் முடிவில் சாரதி விடுவிக்கப்பட்டார். பராமரிப்பற்ற லொறியை வீதிக்கு அனுப்பிய உரிமையாளரும் அதன் பராமரிப்புக்குப் பொறுப்பாயிருந்த மெக்கானிக்குமே 2017 இல் சிறைத் தண்டனை பெற்றனர். எமது நாட்டில் இத்தகைய தீர்ப்பொன்றைக் கற்பனை செய்வதும் கடினம். இங்கு நாளாந்தச் சம்பளத்துக்கு வேலை செய்யும் சாரதி சிறைக்குச் செல்வார். பிரேக்கைத் திருத்தித் தரும்படி அவர் எத்தனை தடவை கேட்டார் என்பதும், 'இந்த மாதம் சமாளி' என்று உரிமையாளர் எத்தனை தடவை கூறினார் என்பதும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

கட்டாயப் பரிசோதனைக்கு எதிராக முன்வைக்கப்படும் வாதங்களையும் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, பெரும்பாலான விபத்துகளுக்குச் சாரதிகளின் தவறே காரணம், வாகனக் கோளாறு அல்ல என்பதாகும். இது உண்மையே. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் தனியார் வாகனங்களுக்கான வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனையை 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கைவிட்டது. ஆனால், அங்கும் வர்த்தக வாகனங்களுக்கான பரிசோதனை கைவிடப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மேலும், பிரேக் கோளாறு விபத்துகளில் சிறு பங்கையே வகித்தாலும், பஸ்ஸொன்றில் அது நேரும்போது ஒரே கணத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் நிர்க்கதியாகின்றன. சாரதி தவறிழைக்கும் அந்த இறுதிக் கணத்திலும் அவரைக் காப்பாற்றக்கூடியது நல்ல பிரேக் ஒன்றே. ஆகவே, மனிதத் தவறு அதிகம் என்பது வாகனத்தைச் சீராக வைத்திருப்பதற்கான காரணமேயன்றி அதைப் புறக்கணிப்பதற்கான காரணமல்ல.

இரண்டாவது வாதம் ஏழைகள் பற்றியது. இதுவே மிகவும் கனதியானது. முச்சக்கர வண்டியொன்றே ஒரு குடும்பத்தின் முழு வாழ்வாதாரமாகவுள்ள நாடு இது. இங்கு பதிவுசெய்யப்பட்டுள்ள முச்சக்கர வண்டிகளின் தொகை 10 இலட்சத்தைத் தாண்டும். யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்தபோது ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச்செய்து நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தவர்கள் எமது மக்கள். பழைய வாகனத்தைப் பேணிக்காத்து ஓட்டும் திறமை இங்கு ஒரு கலையாகவே வளர்ந்திருக்கின்றது. எனவே, பழையதென்பதற்காக வாகனங்களை வீதியிலிருந்து அகற்ற வேண்டுமென எவரும் கோரவில்லை. நன்கு பராமரிக்கப்பட்ட 40 வருட வாகனம் பராமரிக்கப்படாத 8 வருட வாகனத்தைவிடப் பாதுகாப்பானதாக இருக்கலாம். வயதெல்லை விதிப்பதைவிடப் பரிசோதனையே நியாயமானது என்பதற்கு இதுவே காரணமாகும். பரிசோதனை வயதைத் தண்டிப்பதில்லை, அசட்டையையே வெளிப்படுத்துகின்றது. அத்துடன், நிற்காத பஸ்ஸில் பயணிப்பவர்களும் நிற்காத லொறியின் முன்னால் நடந்து செல்பவர்களும் பெரும்பாலும் ஏழைகளே என்பதையும் மறந்துவிடலாகாது.

மூன்றாவது வாதம் ஊழல் பற்றியது. இன்னொரு சான்றிதழ் என்றால் இன்னொரு இலஞ்சம் என்று மக்கள் அஞ்சுவதில் நியாயமுண்டு. இந்த அச்சத்தைப் போக்காமல் எந்தத் திட்டமும் வெற்றிபெறாது. இதற்கான வழி, பரிசோதிப்பவரையும் திருத்துபவரையும் முற்றாக வேறுபடுத்துவதாகும். பரிசோதனை நிலையம் ஒரு ஆணியைக்கூட விற்கவோ திருத்தவோ கூடாது. பிரேக் விசையைப் பதியும் இயந்திரம் பெறுபேற்றை நேரடியாகத் திணைக்களத்தின் கணினிக்கு அனுப்ப வேண்டும். வாகன இலக்கத்தைக் கொண்டு எவரும் அப்பெறுபேற்றைப் பார்வையிடக்கூடியதாக இருக்க வேண்டும். பழைய வாகனமொன்றை வாங்குபவருக்கும், பிள்ளையைப் பாடசாலை வேனில் ஏற்றிவிடும் தாய்க்கும், சுற்றுலாவுக்கு பஸ் அமர்த்தும் பள்ளிவாசல் அல்லது கோயில் நிர்வாகத்துக்கும் அந்தத் தகவலைப் பெறும் உரிமை உண்டு.

செய்யக்கூடியவை அனைத்தையும் ஒரே நாளில் செய்துவிட முடியாது. ஆனால், ஆரம்பிக்க வேண்டிய இடம் தெளிவானது. முதற்கட்டமாக நீண்டதூர பஸ்கள், சுற்றுலாவுக்கு அமர்த்தப்படும் பஸ்கள், பாடசாலை வேன்கள், கனரக லொறிகள் ஆகியவற்றின் தகுதிச் சான்றிதழ் இயந்திரப் பிரேக் பரிசோதனையின் அடிப்படையில் மட்டுமே வழங்கப்பட வேண்டும். இலங்கை போக்குவரத்துச் சபையின் பஸ்களுக்கு இதிலிருந்து விலக்களிக்கக் கூடாது. அரசின் பஸ்ஸில் இறப்பவரின் உயிர் தனியார் பஸ்ஸில் இறப்பவரின் உயிரைவிட மலிவானதல்ல. இரண்டாம் கட்டமாக 15 வருடங்களைக் கடந்த கார்கள், வேன்கள், முச்சக்கர வண்டிகள் ஆகியவற்றை இரண்டு வருடங்களுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கலாம். ஏற்கனவே நாடெங்கும் இயங்கும் புகைப் பரிசோதனை நிலையங்களில் உருளைப் பிரேக் கருவிகளையும் பொருத்தினால் புதிய கட்டடங்களோ மக்களுக்கு மேலதிக அலைச்சலோ ஏற்படாது. நிலையமில்லாத பிரதேசங்களுக்கு நடமாடும் பரிசோதனை வாகனங்களை அனுப்பலாம். வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைகளுக்கே செல்கின்றது. அந்த வருமானத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவது நியாயமானது.

பரிசோதனையில் தேறாத வாகனத்தை உடனடியாகப் பறிமுதல் செய்வதும் தண்டப்பணம் அறவிடுவதும் மக்களை நிலையங்களிலிருந்து விரட்டுவதற்கே உதவும். உயிராபத்தான கோளாறு இருந்தாலன்றி, திருத்துவதற்குச் சில வாரகால அவகாசமும் கட்டணமில்லாத மறுபரிசோதனையும் வழங்கப்பட வேண்டும். பிரேக் லைனர், பிரேக் எண்ணெய், ரயர் போன்ற பாதுகாப்புப் பாகங்கள் மீதான வரியைக் குறைப்பதும் அவற்றின் தரத்தை உறுதிப்படுத்துவதும் அரசின் பொறுப்பாகும். பஞ்சிகாவத்தையில் அசலையும் போலியையும் பிரித்தறிய அனுபவமுள்ள மெக்கானிக்குகளே திணறும்போது, சாதாரண வாகன உரிமையாளர் என்ன செய்வார்? சோதனையில் தேறும்படி கட்டளையிடும் அரசு, தேறுவதற்கான வழியையும் காட்ட வேண்டும்.

தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை இன்னுமொரு விடயமும் வலியுறுத்தப்பட வேண்டியுள்ளது. பரிசோதனை அறிக்கை வாகன உரிமையாளர் விளங்கிக்கொள்ளும் மொழியில் இருக்க வேண்டும். எந்தச் சக்கரத்தில் என்ன குறை என்பதை வாசித்தறிய முடியாத ஆவணம் வெறும் கடதாசியாகவே இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழ் மொழியில் கடமையாற்றக்கூடிய பரிசோதகர்கள் நியமிக்கப்பட வேண்டும். தோட்டப் பகுதிகளில் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் லொறிகளும் உழவு இயந்திரங்களும் எந்தப் பரிசோதனைக்கும் உட்படாத வேறோர் உலகமாகவே இருக்கின்றன. பொதுவீதியில் அரிதாகவே தோன்றும் அவ்வாகனங்களே செங்குத்தான தோட்டப் பாதைகளில் நாளாந்தம் மனிதர்களைச் சுமக்கின்றன. எந்தத் திட்டமாயினும் அவர்களையும் உள்ளடக்கியதாக அமைய வேண்டும்.

அரசின் நடவடிக்கைக்காக மட்டும் காத்திருக்க வேண்டியதுமில்லை. தூர இடங்களுக்கு யாத்திரையோ சுற்றுலாவோ ஒழுங்குசெய்வோர் பஸ்ஸின் வாடகையையும் குளிரூட்டியையும் பாட்டுப்பெட்டியையும் விசாரிப்பதற்கு முன்னர், பிரேக் இறுதியாக எப்போது பார்க்கப்பட்டது என்றும் சாரதி அந்த வீதியில் முன்னர் ஓடியவரா என்றும் கேட்க வேண்டும். பாடசாலை வேன்களில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஒன்றுசேர்ந்து கேட்டால் எந்த உரிமையாளரும் பதில்சொல்லியே ஆக வேண்டும். மிதிகட்டை வழமையைவிட ஆழமாக இறங்கினால், பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒரு பக்கம் இழுத்தால், இறக்கத்தில் எரிந்த மணம் வந்தால் அவை எச்சரிக்கைகள் என்பதை வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

வீதி விபத்துகளைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு எம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் தேய்ந்த லைனரும் ஈரமேறிய எண்ணெயும் விதியல்ல. அவை அளக்கப்படக்கூடியவை, மாற்றப்படக்கூடியவை. புகையை அளப்பதற்கு வருடந்தோறும் வரிசையில் நிற்பதற்குப் பழகிக்கொண்ட மக்கள், தம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் பரிசோதனைக்காக மேலும் சில நிமிடங்கள் நிற்பதற்குத் தயங்கமாட்டார்கள். தயக்கம் இருப்பது மறுபக்கத்திலேயே. அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பஸ்ஸை மேலே தூக்கி, அதன் பிரேக்கை நீதிமன்றத்துக்காகப் பரிசோதிப்பதற்கு முன்னர், அதே பரிசோதகரை அதே பஸ்ஸிடம் அது புறப்படுவதற்கு முன்னதாக அனுப்பி வைக்க ஆட்சியாளர்கள் முன்வருவார்களா என்பதே இன்று எழுந்துள்ள கேள்வியாகும்.